மாதா வண்டி ரூம் லைட்டு

இல்ல தம்பி, உன் காதுல சரியாத்தான் வுழுந்துருக்கு. வெள்ளைய எடுத்துட்டு மஞ்சளப் போடணும். எல்இடி எல்லாத்தையும் கழட்டிட்டு பழைய குண்டு பல்பையே மாட்டிக் குடு. சிரிக்கிற பாத்தியா! ஊர்ல இருக்கறவன்லாம் மஞ்சளக் கழட்டிட்டு வெள்ளைக்கு வர்றான், இந்தம்மா ஒண்ணுதான் ரிவர்ஸ் கியர் போட்டு வருதுன்னு நெனைக்கிற. நெனச்சுக்க. பழசெல்லாம் இந்தக் கட்டப் பையில இருக்கு, ஹோல்டரோட. தூக்கிப் போடல. எங்க வூட்டுக்காரரு எதையும் தூக்கிப் போட வுடமாட்டாரு.

வண்டியா? அதோ புளிய மரத்துக்குக் கீழ நிக்குது பாரு, டிராக்டரு, பின்னால பெரிய பொட்டி. டிரைவரு ஆண்டி சாப்புடப் போயிருக்கான். டிரெய்லருதான், மேல தகரத்துல ரூம்பு மாதிரி கட்டியிருக்கு. உள்ள ரெண்டு பக்கமும் பலக. நடக்க முடியாதவங்க, உடம்புக்கு முடியாதவங்க ஏறிப் படுத்துக்கலாம். சட்டி பானை, கேஸ் அடுப்பு, மூட்ட முடிச்சு எல்லாம் அதுக்குள்ளதான். முன்னாடி பக்கம் கண்ணாடிக் கதவு போட்டு மாதாவ வச்சிருக்கோம். கடலூர்லேருந்து வேளாங்கண்ணிக்கு நடந்து போறோம்ல, அதுக்கு. எங்க ஊர்ல மாதா வண்டின்னா சின்னப் புள்ளைக்கும் தெரியும்.

ஜனங்க பின்னால நடந்து வர்றாங்க. இன்னேரம் பி.முட்லூர் தாண்டியிருப்பாங்க. சாயந்தரம் இங்க வந்துருவாங்க, அதுக்குள்ள இந்த வேலைய முடிச்சாவணும். வண்டிய மட்டும் முன்னால ஓட்டிக்கிட்டுப் போயி, சிதம்பரம் வண்டிகேட்டாண்ட எலக்ட்ரீசியன் கடை இருக்கும், மாத்திட்டு நில்லுன்னு எங்க வூட்டுக்காரரு அனுப்புனாரு. அவுருதான் குழுவுக்குத் தலைவரு.

ஏறு ஏறு. அந்தப் பலகையில கைய வைக்காத, சீ. நேத்து ராத்திரி அதுல எவளோ வாந்தி எடுத்து வச்சிருக்கா, நாந்தான் வாரிக் கொட்டுனேன். இரு, சுச்சப் போடுறேன். ம், இப்பப் பாரு. இது ஒரு வெளிச்சமா? நீயே சொல்லு. நேத்து புதுச்சத்திரத்துல தங்கல், இருட்டுனதும் இதப் போட்டோம். ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாக்க முடியல, ஐஸ் பொட்டியில வச்ச பொணம் மாதிரி வெளுத்துக்கெடக்கு. சாம்பார ஊத்துனா சாக்கடத் தண்ணி கலர்ல இருக்கு. எனக்கு ஒரு வாயி எறங்கல.

அப்பறம் அழுக்கு. கருமம், அத ஏன் கேக்குற. தலகாணி ஒறையெல்லாம் எண்ணப் பிசுக்கு. பலக சந்துல கரப்பாம்பூச்சி எச்சம். அந்த மூலையில எவளோ வெத்தலயக் குதப்பித் துப்பிட்டு மேல பாய இழுத்து வுட்டுருக்கா, அது காஞ்சு ஏடு கட்டிப் போயிருக்கு. தகரத்தப் பாரு, அடிச்ச கொசு அடிச்ச எடத்துலயே ரத்தத்தோட ஒட்டிக்கெடக்கு. இதுக்குள்ளதான் வருசா வருசம் படுத்து எழுந்து, மாதா வண்டியில படுத்தேன், முட்டி வலி போச்சுன்னு சொல்லிக்கிட்டு இருந்துருக்கோம். மஞ்ச வெளிச்சத்துல ஒண்ணும் தெரியல பாரு. நல்லாத்தான் தூங்குனோம்.

கழுவிடலாம்ங்கிற. ம், கழுவலாம். நான் கழுவ மாட்டேன்னா சொன்னேன்?

பாட்டரியா? அது நீ சொல்றது நெசந்தான் தம்பி. நான் ஒத்துக்கறேன். மஞ்ச பல்பு போட்டா ஒரு ராத்திரி தாங்காது, பொசுக்குன்னு எறங்கிடும். காலையில டிராக்டரு ஸ்டார்ட் ஆவாது. மரியே வாழ்க மரியே வாழ்கன்னுக்கிட்டு ஆம்பளைங்க எல்லாம் சேந்து தள்ளுவாங்க, உள்ள மாதா குலுங்கிக்கிட்டு நிப்பா. சூடு வேற. ஈசலு, பச்சப் பூச்சி எல்லாம் கவருக்குள்ள பூந்து வெந்து கருகிடும். அந்த நாத்தத்த மோந்துக்கிட்டேதான் சோறு தின்னுருக்கோம். அதப் பாத்துட்டு, இந்த மஞ்ச பல்பக் கழட்டித் தொலைங்கன்னு மொத மொத கத்துனதே நாந்தான். என்னா பாக்குற? நானேதான்.

எங்க செம்மண்டலத்துல ஜெனிட்டான்னு ஒரு பொண்ணு, எலக்ட்ரானிக்ஸ் படிக்குது. அது சொல்லுச்சு, அத்த, எல்இடி போட்டா பாட்டரி அஞ்சாறு ராத்திரி வரும், சூடு கெடையாது, பூச்சியும் கம்மியா வரும்னு. நான் போயி எங்க வூட்டுக்காரர்ட்ட சொன்னேன். வேணாம்னுட்டாரு. ஏங்கன்னா, மாதாவுக்கு மஞ்ச வெளிச்சந்தான் அம்சம், கோயில் குகையில, கெபியில மெழுகுத்திரி ஏத்துனாப்புல இருக்கணும், வெள்ளையப் போட்டா சலூன் மாதிரி ஆயிடும்ங்கறாரு. அப்படியே கண்ண மூடிக்கிட்டு, நெஞ்சுல கைய வச்சிக்கிட்டு சொல்றாரு. பக்கத்துல நின்ன ரெண்டு பேருக்கு கண்ணுல தண்ணி வந்துடுச்சு. நானும் சரி, பக்தியில சொல்றாருன்னு வுட்டுட்டேன். போன வருசமும் அதே பாட்டு. இந்த வருசம் பொம்பளைங்க எல்லாம் ஒண்ணாச் சேந்துக்கிட்டு ஃபாதர்ட்டயே போயிட்டோம். அவுரு ஒரே வார்த்தையில போடுங்கம்மான்னுட்டாரு. கெளம்புறதுக்கு மொத நாளு ஜெனிட்டாவே உக்காந்து மாட்டுச்சு. நல்ல ஃபிட்டிங்குன்னு நீயே சொல்றியே, அந்தப் பொண்ணு கையிதான் அது. அன்னிக்கி எங்க வூட்டுக்காரரு மூஞ்சி போன போக்கப் பாக்கணும். நான் உள்ளுக்குள்ள சிரிச்சேன். வருசக்கணக்குல அவுருகிட்ட பேசி நான் ஜெயிச்சது அது ஒண்ணுதான்.

அந்தக் கவர மெதுவாக் கழட்டு. ஒடைச்சுடாத.

அவுரப் பத்தி யாருகிட்ட வேணா கேளு. செம்மண்டலத்துலேருந்து முதுநகர் வரைக்கும், செபமால மாமான்னா கையெடுத்துக் கும்புடுவாங்க. மரியலூர்துன்னு பேரச் சொல்லவே மாட்டாங்க. செருப்பு போடாம முன்னால நடப்பாரு. அவுரு கொரல்ல அருள் நெறஞ்ச மரியே ஆரம்பிச்சா ரோட்டுல போற லாரிக்காரன் கூட சிலுவ போட்டுக்குவான். நேத்து ஆலப்பாக்கத்துல ஜனங்க கொடத்துல தண்ணி கொண்டாந்து அவுரு கால்ல ஊத்துறாங்க, மஞ்சத் தண்ணி. ஒரு அம்மா குனிஞ்சு அந்தக் காலத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குது. அவுரு அப்படியே நிக்கிறாரு, சிலையாட்டம். நேத்து எனக்குப் பெருமையா இருந்துச்சு. இன்னிக்கி நெனச்சா கொமட்டுது. எச்சி ஊறிக்கிட்டே இருக்கு வாயில. தூ.

ஒண்ணுமில்ல. வெயில்ல வந்தது. நீ வேலையப் பாரு.

இன்னிக்கின்னு ஏன் அவசரம்னா, இன்னிக்கி சாயந்தரம் மாதாவுக்குப் பொடவ மாத்தணும். மத்த குழுவுல எப்படியோ, எங்க குழுவுல சிதம்பரம் தங்கல்லதான் அது. ஆம்பளைங்க எல்லாம் வண்டிய வுட்டு எறங்கிடணும். நேர்ச்ச நெறவேறுனவங்க பேரெல்லாம் எழுதி சீட்டுக் குலுக்குவோம், யாரு பேரு வருதோ அவுங்க கையாலதான் மாலையெல்லாம் எடுத்து, நகையக் கழட்டி, பழைய பொடவய அவுத்துட்டுப் புதுசு கட்டணும். மறுபடி நகையப் போட்டுவுடணும். மத்த பொம்பளைங்க சுத்தி நின்னு பாட்டுப் பாடுவோம். வருசத்துல அந்த ஒரு நாளுதான் அந்தக் கண்ணாடிக் கதவு முழுசாத் தொறக்கும். மத்த நாள்ல சாவி எங்க வூட்லதான். மாலை மாத்துறது நானு, அதுவும் மேலயே சாத்திட்டு வந்துருவேன், உள்ள கைய வுட்டுத் தொழாவ மாட்டேன்.

போன வருசம் அவுரோட பெரியம்மா பேருக்குச் சீட்டு வந்துச்சு. கை நடுக்கம் புடிச்ச கெழவி. பழைய பொடவ மேலயே புதுசச் சுத்திவுட்டுட்டு எறங்கிடுச்சு, நகையத் தொடவேயில்ல. அப்ப சீட்டுக் குலுக்குனது எங்க வூட்டுக்காரரு. இந்த வருசம் கெளம்பும்போதே ஃபாதரே கொடத்துல கைய வுட்டு எடுத்தாரு. ஆரோக்கியம்மாள்னு வந்துச்சு.

முதுநகர் மார்க்கெட்டுல மீன் விக்கிறாங்கள்ல, அந்த அக்கா. உனக்கெங்க தெரியப் போவுது. சுனாமியில அவுங்க பையன அல அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. பொணத்தையெல்லாம் வரிசையா போட்டு வச்சிருந்த எடத்துல ஒவ்வொரு துணியாத் தூக்கித் தூக்கிப் பாத்துக்கிட்டு அந்த அக்கா நடந்துச்சே, நான் கூடவே போனேன். மூக்க மூடிக்கிட்டுப் போனேன், ஒளிச்சு என்னா ஆவப் போவுது. அது மூடல. மாதாவே, என் புள்ளைய உசுரோட குடு, என் தாலிச் சங்கிலிய உனக்குப் போடுறேன்னு அங்கயே நின்னு வேண்டுச்சு. பையன் கெடச்சுட்டான். யாரோ தூக்கிக்கிட்டுப் போயி ஜி.எச்.ல போட்டுருந்தாங்க, பேரு கூடச் சொல்லத் தெரியாம கெடந்தான். அடுத்த வருசமே சங்கிலியக் கழட்டி மாதா கழுத்துல போட்டுடுச்சு. இன்னிக்கி வரைக்கும் அந்த அக்கா கழுத்துல மஞ்சக் கயிறுதான். வூடு கட்டும்போது புருசங்காரன் திட்டியிருக்கான், போயி கேட்டு வாங்கிட்டு வாடின்னு. குடுத்தத எந்த வாயால கேக்கறதுன்னுடுச்சாம்.

மத்தவங்க போட்டதெல்லாம் வெள்ளிக் கொலுசு, சுரூப டாலரு இப்படித்தான். மாதா கழுத்துல தங்கம்னு கெடக்கறது அது ஒண்ணுதான்.

சீட்டு வந்ததுலேருந்து அந்த அக்காவுக்குக் கால் தரையில நிக்கல. என் கையாலயே கழட்டி என் கையாலயே மறுபடி போடப் போறேன் தங்கச்சின்னு வழி பூரா சொல்லிக்கிட்டே வருது. எனக்கு அது மூஞ்சியப் பாக்க முடியல. அதான் வண்டியில ஏறி முன்னால வந்துட்டேன்.

என்னா தம்பி, கையி நின்னுபோச்சு? மாதா தலைக்கு மேல இருக்கற லைட்டக் கடைசியாக் கழட்டு. என்னத்த எட்டிப் பாக்குற? மாலைய ஒதுக்காத. தொடாத, நீ ஆம்பள.

சரி. பாத்துட்ட. தொட்டே பாரு, வா.

ஆமா. பச்சதான். கழுத்தச் சுத்தி, மார் வரைக்கும். பெயிண்டு உரியல தம்பி, களிம்பு. இந்த ஊருக்காரன்தான நீ, உனக்கு நான் சொல்லணுமா? கவரிங்கு. உங்க சிதம்பரத்துக் கடத்தெருவுல தட்டு தட்டா வச்சி விக்கிறாங்களே, அதே சாமான். விக்கிறவங்க கவரிங்குன்னு சொல்லித்தான் விக்கிறாங்க, அவுங்க மேல என்னா தப்பு. வாங்குனவருக்குத்தான் அதோட பக்குவம் தெரியல. தண்ணி படக் கூடாது, வேர்வ படக் கூடாது, கழட்டித் தொடச்சு பஞ்சுல வைக்கணும். நான் பாதி ஆயுசு கவரிங் போட்டவ, எனக்குத் தெரியும். ஈர மல்லியப்பூ மாலைய நாள் பூரா அது மேல போட்டு வச்சா என்னாத்துக்கு ஆவும்? செம்பு இளிச்சுக்கிட்டு வந்துடும். மஞ்ச பல்புல இது அத்தனையும் தங்கமா தெரிஞ்சுருக்கு தம்பி. நேத்து இந்தச் சனியன் புடிச்ச வெள்ள லைட்டுல மாலைய மாத்தப் போனேன். மாதா கழுத்துல சீழ் வடிஞ்சு காஞ்சாப்புல இருந்துச்சு. ஒடனே மாலையப் போட்டு மூடிட்டேன். ராத்திரி பூரா ஒக்காந்தே இருந்தேன்.

காலையில அவுரக் கூப்புட்டுக் காட்டுனேன். எவனோ திருடிட்டாங்க பாருங்கன்னுதான் கூப்புட்டேன், மாதா மேல சத்தியமா. எவனா இருக்கும்னு என் மனசுல நாலு பேரு மேல பழியே போட்டு வச்சிருந்தேன். பாவம், ஆண்டி மேல கூட.

அவுரு எட்டிப் பாத்தாரு. ஐயையோன்னு சொல்லல. எவன் எடுத்தான்னு கேக்கல. மொதல்ல கதவச் சாத்துன்னாரு. அப்பறம் அந்த மஞ்ச பல்பையெல்லாம் எங்க வச்சிருக்கன்னு கேட்டாரு.

அவ்ளோதான் தம்பி. வேற ஒண்ணும் கேக்க வேண்டியதில்லாம போச்சு எனக்கு.

கேட்டேன் ஆனாலும். எதுக்குங்க எடுத்தீங்கன்னேன். மாதா வந்து கேட்டாளான்னாரு. அவ என்னா கல்யாணத்துக்கா போவப் போறா, சும்மா கழுத்துல கெடந்துச்சுன்னாரு. பல்லு வெளக்கிக்கிட்டே சொன்னாரு. நொர வாயோட. சொல்லிட்டு வாயக் கொப்புளிச்சுத் துப்பிட்டு, துண்டால தொடச்சுக்கிட்டு, செபமாலைய எடுத்துக்கிட்டு முன்னால போயி நின்னு ஆரம்பிச்சாரு பாரு, அருள் நெறஞ்ச மரியேன்னு. அதே கொரலு. ஒரு பிசிறு இல்ல. அந்த வாயிலேருந்து. நான் பக்கத்து வயக்காட்டுல போயி வாந்தி எடுத்தேன். ஆமா, அந்தப் பலகையில எடுத்ததும் எவளும் இல்ல, நாந்தான். ராத்திரி.

நீ சொல்றது புரியுது. ரகசியமா வச்சிக்கலாம், நாலு நாள் தள்ளுனா வேளாங்கண்ணி, அப்பறம் பேசிக்கலாம். அவுரும் அதான் சொன்னாரு. மானம் போயிடும், பொண்ணக் குடுத்த எடத்துல என்னா நெனைப்பாங்கன்னாரு. நானும் அத நெனச்சுத்தான் இந்தக் கட்டப் பையத் தூக்கிக்கிட்டு வந்தேன். மஞ்ச பல்பு போட்டுட்டா ஆரோக்கியம்மா அக்கா பாட்டுப் பாடிக்கிட்டே கவரிங்கக் கழட்டி, முத்தம் குடுத்து, மறுபடி மாட்டிட்டு எறங்கிடும். சந்தோசமாப் போயிடும். நான் பக்கத்துல நின்னு பாடிக்கிட்டு இருக்கணும். அவ்வளவுதான வேல.

என்னா? நெசத் தங்கம்னா என் கழுத்துச் சங்கிலி மாதிரியில்ல இருக்கணும்ங்கிற?

ஆமா தம்பி. நல்ல தங்கம் எந்த வெளிச்சத்துலயும் இப்படித்தான் இருக்கும். நீ சரியாப் பாத்துட்ட. எனக்கு ராத்திரி பூரா தோணல அது. காலையில அவுரே சொல்ற வரைக்கும் தோணல. ரொம்பக் கத்தாதடி, உன் கழுத்துல கெடக்குறது என்னான்னு நெனச்ச, என் சம்பளத்துல செஞ்சதான்னு கேட்டாரு.

போன வருசத்துக்கு மொத வருசம் ஈஸ்டருக்குக் குடுத்தாரு. இத்தன நாளு கவரிங்கே போட்டுட்ட, உனக்குன்னு ஒண்ணும் செய்யலடின்னு சொல்லிக் குடுத்தாரு. நான் அழுதுட்டேன். அழிச்சு வேற மாதிரி பண்ணிருக்காரு, அதான் அடையாளம் தெரியல. பூச முடிஞ்சு வந்ததும் மொத ஆளா ஆரோக்கியம்மா அக்காகிட்டதான் காட்டுனேன். இத இப்படிக் கையில தூக்கிப் பாத்துட்டு, மாதா உன்ன நல்லா வச்சிருக்கா தங்கச்சின்னு சொல்லி நெத்தியில சிலுவ போட்டுவுட்டுச்சு.

இல்ல, கழட்டி வுட வேணாம், கொக்கி எனக்கே வரும். காலையிலேருந்து சொறி புடிச்சாப்புல அரிச்சுக்கிட்டே இருக்கு. அந்த அக்கா வந்ததும் கையில குடுத்து, இதத்தான் மாதா கழுத்துல போடணும்னு சொல்லப் போறேன். ஏதுன்னு கேக்கும். எல்லாரும் நிப்பாங்க. சொல்லுவேன். அப்பறம் செம்மண்டலத்து வூட்டுக்கு நான் போவ முடியாது, பரங்கிப்பேட்டையில என் தங்கச்சி இருக்கா, பாத்துக்கலாம்.

அந்த மஞ்ச பல்பக் கீழ வையி தம்பி. கழட்டுன வெள்ளையெல்லாம் இருந்த எடத்துலயே மாட்டிடு. மாதா தலைக்கு மேல இன்னொண்ணு சேத்துப் போடு. ஆரோக்கியம்மா அக்காவுக்குக் கிட்டத்துப் பார்வ கொஞ்சம் கம்மி.